அழித்தும் போகாத மூன்று இடங்கள்

இன்று காலை எழுந்தவுடன், முகம்கூடக் கழுவாமல், நான் செய்த முதல் வேலை வீட்டுச் சின்ன ரேடியோவின் முதுகைத் திறந்து பற்றரியைக் கழற்றியது. நேற்று உன் கணவர் தந்துவிட்டுப் போன பழைய போனுக்கும் அதே பற்றரிதான் பொருந்தும். போனின் மூடியைத் திறந்தேன். உள்ளே செப்பு முனைகளில் பச்சை பூத்திருந்தது. அழிறப்பரால் தேய்த்தேன். அப்போது அந்த மணம் வந்தது. உப்பு, மண்ணெண்ணெய், காய்ந்த வலை. உன் கைப்பையைத் திறந்தாலும் இதே மணம்தான் வரும். பக்கத்து மேசைக்காரி மூக்கைச் சுளித்தால், "உது கடையிலை வாங்கேலாது, பிறக்கேக்கையே போட்டுவிடுவினம்" என்று சொல்லிவிட்டு நீ உன் வேலையைப் பார்ப்பாய்.

போன் உயிர் பிடித்தது. எனக்குச் சந்தோசம் வரவில்லை. இவ்வளவு வருடம் வள்ளத்தில் கடலுக்குப் போய்வந்த ஒரு போனை நீ ஏன் எனக்கு விட்டுப் போனாய் என்ற கேள்விதான் வந்தது. நீ சும்மா ஒன்றும் செய்கிறவள் இல்லை.

நேற்றுப் பின்னேரம் உன் கணவர் படலையடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தியபோது நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். உன் கல்யாணத்துக்குப் பிறகு அவரை நான் கிட்ட நின்று பார்த்தது உன் செத்தவீட்டில்தான். உள்ளே வரச் சொன்னேன்.

"இல்லை ரீச்சர், இதிலையே சொல்லிப்போட்டுப் போறன். புதன்கிழமை முப்பத்தோராம் நாள் பூசை. காலமை ஆறரைக்கு. நீங்கள் வரவேணும்."

"வாறன்" என்றேன். வருவேனா என்று எனக்கே தெரியவில்லை.

அவர் சேர்ட்டுப் பையிலிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்தார். அதற்குள் போன்.

"இதை உங்களிட்டைக் குடுக்கச் சொன்னவ. ஆஸ்பத்திரியிலை, கடைசிக் கிழமை."

"என்னத்துக்கு?"

"அது எனக்குத் தெரியேல்லை. ஒண்டு மட்டும் சொல்லச் சொன்னவ. இது என்ரை போன். இதுக்குள்ளை கிடக்கிற மூண்டு இடமும் எனக்கு நீங்கள் ரெண்டு பேரும் எழுதின அந்தப் புறோகிராமோடை வந்தது. நான் ஒருத்தரிட்டையும் கேட்டு வாங்கேல்லை. ஒருத்தரும் தரவும் இல்லை."

பாடமாக்கி வந்தவரைப்போலச் சொன்னார். சொல்லி முடித்ததும் கைலேஞ்சியால் கழுத்தைத் துடைத்தார்.

"ஐயா வருவாரோ பூசைக்கு?" என்று உன் அப்பாவைப் பற்றிக் கேட்டேன்.

"மாமா வரமாட்டன் எண்டிட்டார்."

அவர் போன பிறகு படலையைப் பூட்டிவிட்டு நின்று யோசித்தேன். ஒரு வார்த்தையையும் நான் நம்பவில்லை. பதினாலு வருடம் ஒரு மனிதன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு கதை தயாரிக்கப் போதும் என்று நினைத்தேன். அந்தக் கதைக்குச் சாட்சியாக ஒரு போனையும் கையில் தந்து, செத்துப்போனவளின் பெயரையும் சேர்த்துவிட்டால் யார் மறுத்துப் பேசுவார்கள்?

பார், உன்னைப் பற்றி எழுதத் தொடங்கி உன் கணவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டேன். என் பழக்கம் இதுதான். உனக்குத் தெரியும்.

யுத்தம் முடிந்து கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்த காலம் அது. நாங்கள் இருவரும் ரவுணில் ஒரு கணினி நிலையத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தோம். நான் கொக்குவிலிலிருந்து சைக்கிளில் வருவேன். நீ குருநகரிலிருந்து நடந்தே வருவாய். முதல் நாளே என் பெயரைக் கேட்டுவிட்டு, அது நீளம் என்று சொல்லி, "கொக்குவில்" என்று கூப்பிடத் தொடங்கினாய். கடைசிவரை வேறு பெயர் சொல்லி நீ என்னைக் கூப்பிட்டதில்லை.

அப்போது போன் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, "ஜாவா இருக்கோ?" என்றுதான். ஜாவா என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியாது. அது இருந்தால் விளையாட்டு ஏற்றலாம், அவ்வளவுதான். எங்களுக்குத் தெரியும். அந்தச் சின்னத் திரைக்குள், ஒரு புகைப்படத்துக்கு வேண்டிய இடத்திலும் குறைந்த இடத்துக்குள், நாங்களே ஒரு புறோகிராம் எழுதி ஓடவிடலாம். உன் அப்பாவின் கண்ணில் புகைச்சல் விழத் தொடங்கிய வருடம் நீதான் கேட்டாய், கடலில் ஒரு இடத்தைக் குறித்துவைத்து, திரும்ப அந்த இடத்துக்கு வழி காட்டுகிற புறோகிராம் எழுதலாமா என்று.

உன் அப்பாவுக்குக் கடலுக்கடியில் மூன்று பார்கள் தெரியும். மீன் கூடும் கற்பார்கள். கரையைப் பார்த்துத்தான் அவர் அவற்றைக் கண்டுபிடிப்பார். கோயில் கோபுரத்துச் சிலுவையும் ஐஸ் கொம்பனிக் கூரையும் ஒன்றையொன்று மறைக்கவேண்டும். மறுபக்கம் ஒற்றைப் பனை இன்னொன்றோடு நேராக வரவேண்டும். எது எதோடு என்று எந்த மனிதருக்கும் அவர் சொன்னதில்லை. உங்கள் வீட்டில் மூன்றும் பொம்பிளைப் பிள்ளைகள். சொல்வதற்கு ஆளும் இல்லை. இப்போது கரை மங்கலாகத் தெரியத் தொடங்கியிருந்தது.

போனில் தமிழ் எழுத்துக் கிடையாது. ஒவ்வொரு எழுத்தையும் கட்டத் தாளில் புள்ளி புள்ளியாக வரைந்து சின்னப் படமாக்கி உள்ளே ஏற்றினோம். எல்லா எழுத்துக்கும் இடம் போதாது. வேண்டிய சொற்களுக்கு வேண்டிய எழுத்துகள் மட்டும். "அழிக்கப்பட்டது" என்ற சொல்லுக்காக நீ 'ழி' வரைந்தாய். அதன் வால் கோணிப்போய், தூண்டில் முள் மாதிரி வளைந்துவிட்டது. மாற்றச் சொன்னேன். "கிடக்கட்டும். என்ரை கையெழுத்து அது" என்றாய்.

முதல் பிரதியை உன் அப்பாவிடம் காட்டப் போன காலை ஞாபகமா? முற்றத்தில் வலை பொத்திக்கொண்டிருந்தார். நீ போனை அவர் கையில் கொடுத்து, திரையில் இருந்ததை வாசித்தாய். முதல் திரையில் நான் எழுதியிருந்தது: "எங்கே போகிறீர்கள்?"

அவர் ஊசியைக் கீழே வைத்தார்.

"ஆர் இதை எழுதினது?"

"நான்தான் ஐயா."

"தொழிலுக்கு வெளிக்கிடுறவனைப் பாத்து எங்கை போறாய் எண்டு கேக்கிறதோ? விடியக் காலமை?"

போனை வலையின்மேல் வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டார். அன்று அவர் கடலுக்குப் போகவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. குசினிக்குள்ளிருந்து உன் அம்மா எட்டிப் பார்த்துச் சிரித்தா.

"நீ கவலைப்படாதை பிள்ளை. அந்தாளுக்கு இண்டைக்குப் போக விருப்பமில்லை. நல்ல சாட்டு ஒண்டு கிடைச்சிட்டுது."

திரும்பி வரும்போது நீ சொன்னாய்: "கொக்குவில், உனக்கு மூளை இருக்கு. கடல்தான் இல்லை."

கேள்வியை எடுத்துவிட்டோம். அடுத்த பிரதியில் முதல் திரையில் ஒரு வள்ளத்தின் படமும், "குறி" என்ற ஒரு சொல்லும் மட்டும். அதை அழுத்தினால் நிற்கும் இடம் பதியும். திரும்ப அந்த இடத்துக்குப் போகவேண்டுமென்றால் ஒரு அம்புக்குறி வழி காட்டும், கீழே எத்தனை மீற்றர் என்று குறைந்துகொண்டே வரும். இடத்துக்குப் பெயர் வேண்டுமென்றால் ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளலாம்.

இரண்டாவது முறை உன் அப்பா போனை உடனே வாங்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"நான் இதுக்குச் சொன்னால், இது ஆருக்குச் சொல்லும்?"

"ஒருத்தருக்கும் சொல்லாது ஐயா. போனுக்குள்ளையே கிடக்கும்."

"நேவிக்கு?"

"இல்லை ஐயா."

"அடுத்த கரைக்காரருக்கு?"

"இல்லை."

"உனக்கு?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"எனக்கும் சொல்லாது."

"சத்தியமே?"

"சத்தியம் ஐயா."

அதன் பிறகுதான் போனை வாங்கிச் சாரத்தில் துடைத்து, சேர்ட்டுப் பையில் வைத்தார்.

இன்று எந்தப் போனும், எந்தச் சின்னச் செயலியும், நீங்கள் இருக்கும் இடத்தை அறியலாமா என்று கேட்கிறது. என் மாணவிகள் வாசிக்காமலே ஓம் என்று அழுத்துகிறார்கள். நான் ஒவ்வொரு முறையும் உன் அப்பாவின் குரலில் கேட்கிறேன், இது ஆருக்குச் சொல்லும்? இல்லை என்றே அழுத்துகிறேன். போனைச் சந்தேகிக்க அவரிடமிருந்து கற்றுக்கொண்டேன். அதற்குப் புறோகிராம் எழுதினவளைச் சந்தேகிக்க மட்டும் எனக்கு வரவில்லை.

அவர் மூன்று பாரையும் குறித்துக்கொண்டு வந்தார். ஒரு கிழமையில் போன் அப்படியே நின்றுவிட்டது. இடங்களின் பட்டியலைத் திறந்தால் உறைந்துபோகும். நீ அதை நிலையத்துக்குக் கொண்டுவந்தாய். பிழையைக் கண்டுபிடிக்க உண்மையான இலக்கங்கள் வேண்டும் என்று நான் சொன்னேன். உன் அப்பாவின் போனிலிருந்து மூன்றையும் படியெடுத்து, என் சோதனைப் பட்டியலில் ஏற்றினேன். சோதனை 1, சோதனை 2, சோதனை 3. நீ சோதித்தால் நண்டு 1, நண்டு 2 என்று பெயர் வைப்பாய். என்னால் அப்படி விளையாட முடியாது.

"சோதிச்சு முடிய அழிச்சுப்போடு, கொக்குவில்."

"ஓம் ஓம்."

பிழை அகப்பட்டது. நீ பக்கத்தில் நிற்க, என் போனில் ஒவ்வொன்றாக அழித்தேன். மூன்று முறையும் உன் கோணல் 'ழி'யோடு "அழிக்கப்பட்டது" என்று வந்தது. மூடினேன். அதை நான் பதினாலு வருடமாகப் படம்போல மனதில் வைத்திருந்தேன். என் விரல், அந்தச் சொல், பக்கத்தில் உன் மூச்சு. எனக்கு நானே கொடுத்துக்கொண்ட நற்சான்று அது.

பிறகு உங்கள் கோயில் திருநாள் வந்தது. நீ லீவில் நின்றாய். அந்தக் கிழமையில்தான் கடைசிப் பிரதியை நான் தனியாகக் கட்டி முடித்தேன். உங்கள் கரை மீன்வாடியில் ஒருவருக்குப் புளூடூத்தில் அனுப்பினேன்; அவர் இன்னொருவருக்கு, அவர் இன்னொருவருக்கு. உங்கள் கரை முழுக்க, அடுத்த கரைவரைக்கும் போய்விட்டது. உன் அப்பா மட்டும் பழைய பிரதியையே வைத்திருந்தார். வேலை செய்கிற ஒன்றில் எதற்குக் கைவைக்கவேணும் என்று சொன்னாராம்.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு விடியலில் அவர் தன் இரண்டாவது பாருக்குப் போனபோது அங்கே இன்னொரு வள்ளம் நின்றது. தற்செயலாக வந்து நிற்கிற இடமில்லை அது. அடுத்த கரையிலிருந்து வந்த வள்ளம். அதில் நின்றவனை உன் அப்பாவுக்குத் தெரியும். அவனோடு நீ கதைக்கிறாய் என்று அவருடைய காதில் ஏற்கெனவே விழுந்திருந்தது. அவனைத்தான் நீ பிறகு கட்டினாய்.

அந்தத் திங்கட்கிழமை நீ நிலையத்துக்கு வந்தபோது உன் கண் வீங்கியிருந்தது. மாடிப் படியில் வைத்து என்னை மறித்தாய்.

"அப்பா உன்னைத்தான் சொன்னவர். உன்ரை கொக்குவில் சிநேகிதியை இனி வீட்டுக்குக் கூட்டிவராதை எண்டவர்."

"நான் அழிச்சனான். நீ பக்கத்திலை நிண்டனி."

"ஓம். நிண்டனான்."

"அப்ப?"

"கடைசியா நீ கட்டின பிரதியை எனக்கு ஒருக்காத் தா. பாத்துப்போட்டுத் தாறன்."

"இனி என்னத்துக்கு?"

நான் தரவில்லை. தடயத்தை அழிக்கப் பார்க்கிறாய் என்று நினைத்தேன். ஏனென்றால் அந்த மூன்று இலக்கமும் உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும். உன் அப்பா இல்லை. நான் இல்லை. கூட்டிக் கழித்தால் மிஞ்சுவது நீதான். அந்த வள்ளத்தில் நின்றவன் யார் என்பது வேறு அதற்குப் பொருந்தி வந்தது.

இரண்டு நாள் கழித்து, நான் சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவிக்கொண்டு நிற்கும்போது பின்னால் வந்து சொன்னாய்:

"அப்பாட்டை நான்தான் குடுத்தனான் எண்டு சொல்லிப்போட்டன்."

தண்ணீர்க் குழாயை மூடினேன்.

"நீ குடுத்தனியோ?"

நீ திரும்பி நடந்தாய்.

"அப்பிடியே வைச்சுக்கொள்" என்றாய்.

அப்படியே வைத்துக்கொண்டேன். பதினாலு வருடம்.

சண்டை ஒன்றும் நடக்கவில்லை. நான் சாப்பாட்டுப் பெட்டியை உன் மேசைக்கு எடுத்துவருவதை நிறுத்தினேன், நீ என் பெட்டியிலிருந்து கத்தரிக்காய் களவெடுப்பதை நிறுத்தினாய். ஒரு நாள் வீட்டில் என் கணினியிலிருந்து அந்தப் புறோகிராமின் எல்லாப் பிரதிகளையும் கோபத்தில் அழித்தேன். உன் கல்யாணத்துக்கு வந்தேன். உன் அப்பா வரவில்லை என்பதைக் கண்டு, என் கணக்குச் சரிதான் என்று உறுதிப்படுத்திக்கொண்டு, சாப்பிடாமல் திரும்பினேன். நீ நிலையத்தை விட்டுப் போனாய். நானும் இதே கொக்குவில் வீட்டில் இருந்தபடி வேறு இடத்தில் வேலை எடுத்து, கல்யாணம் செய்து, இப்போது பெரிய வகுப்புகளுக்குப் படிப்பிக்கிறேன். சந்தையில் இரண்டு முறை தூரத்தில் கண்டேன். இரண்டு முறையும் நான்தான் திரும்பினேன்.

உன் செத்தவீட்டைப் பற்றியும் எழுதவேண்டும். எழுதாமல் விட்டால் இந்தக் கடிதம் பொய். உன் தங்கை கையைப் பிடித்து உன் அப்பாவைக் கூட்டிவந்தாள். அவருக்கு இப்போது இரண்டு கண்ணிலும் பார்வை இல்லை என்று சொன்னார்கள். கோயில் வாசலுக்கு வெளியே ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தார். உள்ளே வரவில்லை. பெட்டியைக் குழிக்குள் இறக்கமுதல் எழுந்து போய்விட்டார். ஒரு பிடி மண் போடவில்லை. எல்லோரும் அதைப் பார்த்து வாய்க்குள் முணுமுணுத்தார்கள். நான் மட்டும் மனதுக்குள் அவர் பக்கம் நின்றேன். மறக்கக்கூடிய வேலையா நீ செய்தது என்று நினைத்தேன். உன் குழியின் விளிம்பில் நின்றுகொண்டு.

இன்று காலைக்கு வருகிறேன். பட்டியலைத் திறந்தேன். முதல் மூன்று வரியையும் சத்தமாக வாசித்தேன்.

சோதனை 1. சோதனை 2. சோதனை 3.

தமிழ் எழுத்தில். அந்தப் போனில் யாரும் தமிழில் தட்டமுடியாது. ஆகவே உன் கணவர் பிறகு சேர்த்ததாக இருக்கமுடியாது. அவருடைய கதையில் அந்தப் பகுதி உண்மை. அது புறோகிராமோடுதான் வந்திருக்கிறது. அதற்குள் தமிழ் வைக்கக்கூடியவர்கள் நாங்கள் இருவர் மட்டும்.

அப்போதும் நான் உன்னைத்தான் பிடித்தேன் என்றால் நம்புவாயா? என் பெயர் வைக்கும் முறை உனக்குத் தெரியும். நீ இரகசியமாக ஒரு பிரதி கட்டி, மாட்டினால் என் தலையில் விழட்டும் என்று என் பெயர்களையே போட்டிருக்கலாம். கட்டிலில் இருந்தபடி, பல்லும் தீட்டாமல், செத்தவள்மேல் இதையும் சுமத்தினேன்.

பிறகு சோதித்துப் பார்த்தேன். சோதனை 1 ஐத் தெரிவுசெய்து அழி என்று அழுத்தினேன். திரையில் உன் கோணல் 'ழி' வந்தது. "அழிக்கப்பட்டது." பட்டியலில் இரண்டுதான் மிஞ்சியது. புறோகிராமை மூடினேன். அன்று நான் செய்யாத ஒன்றை இன்று செய்தேன். திரும்பத் திறந்தேன்.

மூன்றும் இருந்தன.

இன்னொரு முறை மூன்றையும் அழித்தேன். மூடினேன். திறந்தேன். மூன்றும் இருந்தன.

எனக்கு விளங்கிவிட்டது. அந்த அழி என்ற கட்டளையை எழுதியவள் நான். போனில் பதிந்ததை மட்டும்தான் அது அழிக்கும். புறோகிராமுக்குள்ளேயே நான் வைத்த சோதனைப் பட்டியலை அது தொடாது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்தப் பட்டியல் திரும்ப ஏறும். அன்று உன் முன்னால் நான் அழித்தது ஒன்றுமே இல்லை. அதே பட்டியலோடுதான் கடைசிப் பிரதியைக் கட்டினேன். உன் அப்பாவின் மூன்று பாரையும், அவர் பெற்ற பிள்ளைகளுக்கும் சொல்லாததை, கரையெல்லாம் பகிர்ந்துகொடுத்தவள் நான். என் நற்சான்று, எனக்கு நானே எழுதி, எனக்கு நானே காட்டிய ஒரு சொல். அதைத்தான் நம்பினேன். உன்னை நம்பவில்லை.

உன் கணவர் அந்த அம்புக்குறியைச் சும்மா ஒரு நாள் பின்பற்றிப் போயிருப்பார். அதன் முடிவில் மீன் இருந்திருக்கும். யாருடைய இடம் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

நீ எப்போது கண்டுபிடித்தாய்? அன்று என்னிடம் பிரதி கேட்டபோதே உனக்குச் சந்தேகம் இருந்திருக்கிறது. நான் தராமல் விட்டதும் அவருடைய போனை வாங்கிப் பார்த்திருப்பாய். சோதனை 1 என்று கண்டிருப்பாய். அந்த இரண்டு நாளுக்குள்தான். அப்படியென்றால் குழாயடிக்கு வந்தபோது உனக்கு எல்லாம் தெரியும்.

பிறகு ஏன் உன் தலையில் போட்டுக்கொண்டாய்? நான் உன்னைப் புனிதையாக்க மாட்டேன். என் கத்தரிக்காயைத் தின்றுவிட்டுப் பூனை என்று சொன்னவள் நீ. ஒருவேளை, வெளியூர்க்காரி ஒருத்தியால் முழுக்கரையும் மோசம்போனது என்று தெரிந்தால் ஆட்கள் நிலையத்துக்கு வந்து நிற்பார்கள் என்று பயந்திருப்பாய். ஒருவேளை, அவரைக் கட்டுவதென்று ஏற்கெனவே முடிவெடுத்திருந்தாய். வீட்டில் எப்படியும் வெடிக்கப்போகிறது, ஒரே வெடியாக வெடிக்கட்டும் என்று நினைத்திருப்பாய். அல்லது, இது என்னைக் குத்துகிறது, நான் கேட்ட அந்தக் கேள்விதான் காரணமாக இருக்கலாம். நீ குடுத்தனியோ? அதைக் கேட்கக்கூடியவளுக்கு உண்மையைச் சொல்லி என்ன பயன் என்று நினைத்திருப்பாய்.

பட்டியலில் நாலாவதாகவும் ஒரு வரி இருந்தது. ஆங்கில எழுத்தில், கொக்குவில் என்று.

அதைத் தெரிவுசெய்து முற்றத்துக்குக் கொண்டுபோனேன். பழைய போன், வானத்தைத் தேடிப் பிடிக்க நேரமெடுக்கும். மாமரத்தின் நிழலைவிட்டு வெளியே, வெயிலில் கையில் ஏந்திக்கொண்டு நின்றேன். ரயில் போனது. அதிர்வு அடங்கிய பிறகு அம்புக்குறி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. பதினாறு மீற்றர். அது காட்டிய பக்கம் நடந்தேன். ஒன்பது. நாலு. படலையில் போய் முட்டினேன்.

நீ இங்கே வந்திருக்கிறாய். படலைக்கு அந்தப் பக்கம், மதிலோரம் நின்று, "குறி" என்று அழுத்திவிட்டுப் போயிருக்கிறாய். எப்போது என்று பார்த்தேன். பற்றரி இல்லாமல் கிடந்த போன்களுக்குத் திகதி நிலைக்காது. அது காட்டிய நாளில் இந்தப் படலையே இல்லை. கல்யாணத்துக்கு முன்னா, வருத்தம் வந்த பிறகா? பேச வந்து திரும்பினாயா, அல்லது யாராவது வெளியே வருவார்களா என்று பார்த்தாயா? அன்று நான் வீட்டில் இருந்தேனா? யன்னலால் உன்னைக் கண்டுவிட்டுத்தான் வெளியே வராமல் இருந்தேனா? அப்படி ஒரு நாள் எனக்கு ஞாபகமில்லை. ஆனால் என் ஞாபகத்தை நான் இனி நம்புவதாக இல்லை.

இன்று ஞாயிறு. காலைப் பூசை முடிந்து உன் அப்பா வீட்டில்தான் இருப்பார். சாறி மாற்றிவிட்டேன். போன் என் கைப்பைக்குள் இருக்கிறது. அதைக் காட்டிப் பயனில்லை என்று தெரியும். அவருக்குத் திரை தெரியாது. மூன்று முறை அழித்து மூன்று முறை திறந்து காட்டினாலும் அவருக்கு அது வெறும் சத்தம். என் வாய்ச்சொல்லை மட்டும்தான் அவர் நம்பவேண்டும்; ஏற்கெனவே ஒரு முறை அந்த முற்றத்தில் சத்தியம் செய்த வாய் இது. உன்னை மருமகன் அனுப்பினவனோ என்று கேட்பார். பதினாலு வருடம் எங்கை இருந்தனி என்று கேட்பார். கேட்கட்டும். போய் அவர் முன்னால் நின்று, உங்கள் மகள் இல்லை ஐயா, நான்தான் என்று சொல்லப்போகிறேன். அதற்குப் பிறகு புதன்கிழமை பூசைக்கு வருவதும் வராததும் அவருடைய விருப்பம். ஆனால் அவர் வராமல் இருப்பதென்றால் என்னில் உள்ள கோபத்தால் வராமல் இருக்கட்டும்.

குசினிக்குள்ளிருந்து என் கணவர் கேட்கிறார், "ஏன் இந்த ரேடியோ பாடேல்லை?" பிறகு என் சாறியைக் கண்டுவிட்டு, "எங்கை வெளிக்கிட்டிட்டாய்?" என்கிறார்.

எழுதுவதை இதோடு நிறுத்திவிட்டுக் கைப்பையை எடுக்கிறேன்.